12 மாதப் பணத்தை ஜிம்மில் விட்டவன் எழுதுகிறேன்

ஒரே தடவையில் கட்டிய 12 மாதப் பணம் போய்விட்டது. நான் போனது வெறும் 17 நாள். நீங்களும் ஏமாறாமல் இருக்க ஏழெட்டு விஷயம் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பெயர் போடவில்லை. பல கிளைகள் உள்ள, காது கிழியப் பாட்டு ஓடும் ஜிம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன சூட்டோடு போனேன். கவுண்ட்டரில் இருந்த பையன் விலையே பேசவில்லை. மிஷின் மேல் ஏற்றி, கொழுப்பு இத்தனை சதவீதம் என்று ஒரு தாளை நீட்டினான். எனக்கு வயிறு கலங்கியது. அப்புறம்தான், "மாசாமாசம் கட்டினா மூணாவது மாசம் நின்னுடுவீங்க சார். மொத்தமா கட்டுங்க, அப்பதான் வருவீங்க" என்றான். என்னை எவ்வளவு சரியாகக் கணித்துவிட்டான் என்று வியந்தேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். "உடம்புக்கு முடியலைன்னா நிறுத்தி வைக்கலாமா?" என்றும் கேட்டேன். "ஒரு போன் போதும் சார்."

மூன்றாவது வாரம் முட்டி வீங்கியது. போன் செய்தால் மேனேஜர் மீட்டிங்கில். மறுநாள் லீவு. நேரில் போனால், அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம். ஹெட் ஆபீசுக்கு மெயில் போடச் சொன்னார்கள். ஐந்து வாரம் "பரிசீலனையில் உள்ளது". இன்று பதில் வந்தது: பணம் திரும்பாது, நிறுத்தி வைக்கும் வசதி என் பிளானில் இல்லை. 12 மாதப் பணம்! போதாக்குறைக்கு, பயிற்சியாளருக்கென்று தனி ஆட்டோ டெபிட் இன்னும் ஓடுகிறது. அன்று கையெழுத்து வாங்கிய தாள்களில் அதுவும் ஒன்று.

மாதாமாதம் கட்டியிருந்தாலும் பெரிதாகத் தப்பியிருப்பேனா தெரியாது. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 3 ஜிம்களின் கணக்கைப் பார்த்தார்கள். மாதச் சந்தாக்காரர்கள் போனது மாதம் நாலு தடவை சொச்சம். போகிற அன்றைக்கு மட்டும் காசு கொடுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும். போவதை நிறுத்திய பிறகும் ரத்து செய்யச் சராசரியாக 2 மாதத்துக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். 'திங்கட்கிழமையிலிருந்து போவோம்' என்ற நம் நினைப்பில்தான் ஜிம்காரர்கள் பிழைப்பு ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாயால் சொன்னதை அங்கேயே எழுதி வாங்குங்கள். 'இன்றைக்கு மட்டும் ஆஃபர்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்து விதியைப் படிக்காமல் கார்டை எடுக்காதீர்கள். ஆட்டோ டெபிட்டை நிறுத்த வங்கிக்குப் போட்ட போன் இப்போதுதான் கிடைத்திருக்கிறது, மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.