தினம் நாலு வரியா, வாரம் ஒரு கட்டுரையா?

வலைப்பூ தொடங்குவது கால் மணி நேர வேலை. சிக்கல் வருவது மூன்றாவது மாதத்தில். மனசில் சேர்ந்து கிடந்ததெல்லாம் முதல் பத்துப் பதிவில் தீர்ந்துபோயிருக்கும், படிக்கிறவர்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் பலர் அந்த இடத்தில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் 2012 முதல் மதுரையையும் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றி எழுதுகிறேன். பகலில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. ராத்திரி ஒன்பதரைக்குக் கடை அடைத்து, பஸ் பிடித்துத் திருநகர் வீட்டுக்குள் நுழையும்போது பத்தரை ஆகிவிடும். எழுத எனக்குக் கிடைப்பது அதற்கு மேல் ஒரு மணி நேரம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. இந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் தினமும் எழுதினேன். பிறகு வாரம் ஒன்று என்று மாறினேன்.

தினம் எழுதுவதில் உள்ள லாபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் திறந்துகொள்ளும். ராத்திரி எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தால், டீக்கடைப் பலகையில் எழுதியிருப்பதைக்கூடப் பகலில் நின்று படிப்போம். கையும் பழகிவிடும். வெள்ளைத் திரையைப் பார்த்து மலைத்து உட்காருவது எனக்கு இரண்டே மாதத்தில் போய்விட்டது.

சித்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சாப்பாட்டு நேரத்தில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்துக்குள் போனேன். அப்போது கடைகள் உள்ளேயேதான் இருந்தன. தூண் ஓரத்தில் ஒரு தையல்காரர், சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்துத் தலைப்பாகை தைத்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எழுதியது நாலே வரி: சிவப்புத் துணி, மிஷின் சத்தம், தூணில் சாய்த்து வைத்திருந்த தோப்பறை. இன்று படித்தாலும் அந்த வரிகள் எனக்குப் பிடிக்கின்றன. ஆனால் மதுரைக்கு வெளியே இருந்து படித்தவருக்குத் தோப்பறை என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. விசாரிக்க எனக்கும் நேரமில்லை. மறுநாள் ராத்திரிக்கு வேறொன்று தேட வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அதே தையல்காரரிடம் மூன்று தடவை போனேன். தோப்பறை என்பது ஆட்டுத் தோல் பை, அதில் தண்ணீர் நிரப்பிக் குழாய் வைத்து அழகர் மேல் பீய்ச்சுவார்கள். திரி எடுத்து ஆடுகிறவர்கள் வேறு, தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வேறு, இரண்டுமே நேர்த்திக்கடன். அப்பா செய்ததை மகன் செய்கிறார் என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். “போன வருசத்து அளவு இந்த வருசம் ஆகாது தம்பி. சின்னப் பயலுக வளந்துருவாய்ங்கள்ல, வருசா வருசம் அளவெடுக்கணும்” என்றார். அந்த ஒரு பேச்சுக்குள் திருவிழாவே இருந்தது. ஒரே ஒரு தடவை போயிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்த பிறகுதான் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினார். அந்தக் கட்டுரையை இன்றும் சித்திரை பிறந்தால் தேடி வந்து படிக்கிறார்கள்.

தினப் பதிவில் இன்னொரு கெடுதலும் உண்டு. தினம் போட்டால் தினம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கத் தோன்றும். நேற்று நாற்பது, இன்று பதினொன்று என்றால் மனசு சோர்ந்துபோகும். அந்தச் சோர்வோடுதான் மறுநாள் எழுத உட்காருவோம். நான் இப்போது மாதக் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் பார்க்கிறேன்.

வாரக் கட்டுரையிலும் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ‘இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதலாம்’ என்று ஒரு வாரம் தள்ளினால் அது இரண்டு மாதமாகும். தினம் எழுதுகிறவர் ஒரு நாள் விட்டால் மறுநாள் பிடித்துவிடலாம். வாரம் எழுதுகிறவர் இரண்டு வாரம் விட்டால் பழக்கமே அறுந்துவிடும். எனக்கு இப்படி 2015 இல் ஐந்து மாதம் போனது. அதற்கு நான் கண்ட வழி, தினக் குறிப்பை விடாமல் வைத்துக்கொண்டு அதை வெளியிடாமல் இருப்பது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அதில் தினம் இரண்டு வரி. புதன்கிழமை ராத்திரி அதைப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். வெள்ளிக்குள் முதல் வரைவு. ஞாயிறு காலையில் சந்தேகங்களைத் தீர்த்து, சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த நிலையில் இருந்தாலும் போட்டுவிடுவேன். முடித்து வைத்த கட்டுரை இரண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கும். காய்ச்சல், கல்யாணம், ஆடித் தள்ளுபடி வியாபாரம் எல்லாம் வரத்தானே செய்யும்?

வீட்டில் இருக்கிறவர், பணி ஓய்வு பெற்றவர், ஒரே துறையைத் தினமும் கவனிக்கிறவர் என்றால் தினப் பதிவே சரி. மல்லிகை விலையையோ வைகையில் வரும் தண்ணீரையோ பற்றி எழுத நினைப்பவருக்கு வாரம் ஒன்று போதாது. என்னைப் போல ஊரையும் மனிதர்களையும் எழுதுகிறவருக்கு வாரம்தான்.

அடுத்து, எங்கே எழுதுவது. முகநூலில் போட்டால் அன்றே நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சு எழுதுகிறவருக்கு நல்ல தெம்பு. வலைப்பூவில் அது குறைவு. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டுகிற, 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் களைகட்டியிருந்த காலத்தில் புதுப் பதிவுக்கு அங்கிருந்தே ஆள் வருவார்கள். இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் தேடலிலிருந்தும், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்தும்தான். இதை மட்டும் பார்த்தால் முகநூல் பக்கம்தான் தராசு சாயும்.

ஆனால் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி விஷயத்தில் எனக்கு வேறொன்று விளங்கியது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். பாறையைக் குடைந்த சிவன் கோயில், அதில் இருக்கும் இலகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிற்பம், மலைக்கு மேலே வட்டமிடும் வல்லூறுகள், சுனைத் தண்ணீர், எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வாரம் படித்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. இரண்டரை வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டுரை சும்மா கிடந்தது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. மேலூர்ப் பக்கம் கிராமம் கிராமமாக எதிர்த்து எழுந்தார்கள். மறு வருஷம் ஜனவரியில் மதுரைக்குப் பேரணியாகவே வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மூன்று மாதமும் அரிட்டாபட்டி என்று தேடியவர்கள் என் பழைய கட்டுரைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கல்லூரி மாணவி ஒருவர் மின்னஞ்சலில், கோயிலுக்கு எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று கேட்டார். தலைப்பில் ஊர்ப் பெயரை முழுசாக வைத்ததும், போகும் வழியை எழுதியதும்தான் அவரைக் கொண்டுவந்து சேர்த்தன. அன்றைய பேச்சுக்கு முகநூல், பின்னால் தேடி வருகிறவருக்கு வலைப்பூ. எனக்கு இரண்டாமவர் முக்கியம்.

பழைய கட்டுரையைத் திருத்தி வைக்கலாம் என்பதும் வலைப்பூவில் உள்ள வசதி. புது மண்டபக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, தையல்காரர் கட்டுரையின் தலையில் ஒரு வரி சேர்த்தேன். இல்லையென்றால் அதைப் படித்துவிட்டு யாராவது மண்டபத்தில் போய் அலைந்திருப்பார்கள்.

வலைப்பூவுக்கு எந்தத் தளம், பிளாகரா, வேர்டுபிரஸ்ஸா என்பதை ரொம்ப நேரம் யோசிக்க வேண்டாம். காசு செலவழிக்காமல் எழுத பிளாகர் போதும். சொந்த இணைய முகவரி வாங்கினாலும் இணைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. வேர்டுபிரஸ் டாட் காமில் வடிவமைப்பு அழகு, ஆனால் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், சொந்த முகவரிக்குக் கட்டணத் திட்டம் எடுக்க வேண்டும். எதில் எழுதினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுவதையும் காப்புப் பிரதி எடுத்து வையுங்கள். இலவசமாக இணையப் பக்கம் தந்த ஜியோசிட்டிஸ் 2009 இல் மூடப்பட்டது, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 இல்.

தனியாக எழுதுவதா, துணையோடு எழுதுவதா? குழுவாக ஒரே வலைப்பூ நடத்துவது எனக்கு ஒத்துவரவில்லை. யார் எப்போது போடுவது என்று பேசுவதிலேயே பொழுது போனது. தனியாகவே எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள், நின்றுபோனாலும் தெரியாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது: வலைப்பூ தனித்தனி, ஆனால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வது. மேலூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் பறவைகளைப் பற்றி எழுதுகிறார். வரைவை மாற்றிப் படித்துக்கொள்கிறோம். புரியாத இடத்தில் அவர் ஒரு கோடு போடுவார், பாராட்டு எழுதுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். தோப்பறைக்கு அடியில் கோடு போட்டு ‘இது என்னண்ணே?’ என்று கேட்டதும் அவர்தான்.

சனிக்கிழமை ராத்திரி நான் வீடு வந்து சேர்ந்ததும் போன் அடிக்கும்.

“என்னண்ணே, முடிஞ்சிருச்சா?”

“பாதிதான்ப்பா ஆயிருக்கு.”

“அந்தப் பாதிய அனுப்புங்கண்ணே. நான் முழிச்சுத்தான் இருக்கேன்.”