பள்ளி அணிக்கு இருபது ஓவரா, இரண்டு நாள் ஆட்டமா?

பள்ளி கிரிக்கெட் சீசனுக்கு அட்டவணை போடும்போது இருபது ஓவர் ஆட்டம்தான் முதலில் கண்ணில் படும். அரை நாளில் முடிந்துவிடும், படிப்பும் கெடாது. ஒருவருக்கு அதிகபட்சம் 4 ஓவர் என்பதால் குறைந்தது ஐந்து பேராவது பந்து வீசியாக வேண்டும். பிள்ளைகளுக்கு இது நல்லது. ஆனால் ஒரு அணிக்கு மொத்தமே 120 பந்துகள். ஏழாவது, எட்டாவதாக இறங்கும் பையன் சீசன் முழுக்கப் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பான். எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான்.

இரண்டு நாள் ஆட்டத்தில் அவனுக்கும் ஒரு மணி நேரம் நின்று ஆட இடமுண்டு. சுழற்பந்து வீசுபவர் அடி வாங்கினாலும், அடுத்த ஸ்பெல்லில் (சிறிது ஓய்வுக்குப் பின் மறுபடி வீசும் சுற்றில்) திரும்பி வந்து விக்கெட் எடுக்கலாம். எப்போது டிக்ளேர் செய்வது (தன் அணியின் இன்னிங்ஸை தானே முடித்துக்கொள்வது), 100 ரன் முன்னிலை கிடைத்தால் ஃபாலோ ஆன் கொடுப்பதா (எதிரணியை உடனே மறுபடி பேட் செய்யச் சொல்வதா) என்று கேப்டன் தானே யோசிக்கப் பழகுவார். வேகப்பந்து வீசும் சிறுவர்களின் முதுகுக்குத்தான் ஆபத்து. ஒரு நாளைக்கு இத்தனை ஓவர் என்ற வரம்பைக் கண்டிப்பாக வைக்க வேண்டும்.

பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கு இருபது ஓவரே போதும். அதற்கு மேல் உள்ள அணிக்கு, சரி, சீசனில் இரண்டு மூன்று ஆட்டங்களாவது இரண்டு நாள் ஆட்டமாக வையுங்கள்.