மாங்காய்க்கு எத்திலீன் அறையா, கோல்டு ஸ்டோரேஜா?

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் தோட்டத்து அல்போன்சாவையும் செந்தூராவையும் இந்த முறை மண்டிக்குக் காயாகத் தள்ளாமல் பழமாக நாங்களே விற்றோம். இருந்தது இரண்டு வழி. பறித்த கையோடு, எத்திலீன் என்கிற வாயு கொடுத்துப் பழுக்கவைக்கிற அறையில் ஏற்றுவது, இல்லையென்றால் கோல்டு ஸ்டோரேஜில் போட்டுவைத்து விலை ஏறியதும் எடுத்துப் பழுக்கவைப்பது. கார்பைடு கல் சட்டப்படி தடை, அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நான் எத்திலீன் அறையைத்தான் எடுத்தேன்.

வாடகை, வண்டிக்கூலியெல்லாம் நீங்களே விசாரித்துக்கொள்வீர்கள். எனக்கு முடிவைத் தீர்மானித்தது குளிர். முற்றிய மாங்காயை 12, 13 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் தோல் மங்கிக் குழி விழும், நிறம் சரியாக ஏறாது, வாசனையும் குறைந்துபோகும், அப்படி அடிபட்ட காயை எத்திலீன் கொடுத்தும் மீட்க முடியாது. அதைவிட மோசம், கிடங்கில் இருக்கும்வரை காய் பார்க்க நன்றாகவே இருக்கும், வெளியே எடுத்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சேதம் தெரியும், அதற்குள் சரக்கு வாங்கினவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

குளிரில் வைத்தால்தான் பழம் ஒழுங்காகப் பழுக்கும் என்று சிலர் சொல்வது பேரிக்காய்க்குப் பொருந்தும். அதை மரத்திலேயே பழுக்கவிட்டால் உள்ளே நறநறவென்று ஆகிவிடும், காயாகப் பறித்து 0 டிகிரியை ஒட்டி வைத்தால்தான் தானாக எத்திலீன் சுரக்கத் தொடங்கும். பார்ட்லெட் ரகத்துக்குச் சில வாரம், டான்ஜூவுக்கு இரண்டு மாதம் வரைகூட ஆகும், நடுவில் எத்திலீன் கொடுத்தால் அந்தக் காத்திருப்பு குறையும். மாங்காய்க்கு அந்தக் குளிரே எமன். நம்ம பக்கம் புளி வைக்கிற கிடங்கில் இடம் இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், முதலில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று கேளுங்கள்.

எத்திலீன் அறையில் 20 டிகிரி சுமாரில், காற்றில் ஈரத்தோடு, ஒரு நாள் வாயு கொடுத்தால் போதும். பழம் தானே விடுகிற அதே வாயுதான் இது, உணவுப் பாதுகாப்பு விதிப்படி 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு. எத்திலீன் வாயுவை வெளிவிடுகிற எத்திபான் மருந்தின் பொடியோ கரைசலோ காயில் நேராகப் படக்கூடாது. அறையை அவ்வப்போது திறந்து காற்று மாற்றவும் வேண்டும், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் பழுப்பது தடைபடும். ஆனால் பிஞ்சை உள்ளே வைத்தால் நிறம் வரும், இனிப்பு வராது. காம்பை ஒட்டிய தோள்பகுதி எழும்பியிருக்கிறதா, தண்ணீரில் போட்டால் மூழ்குகிறதா என்று பார்த்துத்தான் ஏற்றினோம்.

பழுத்த பிறகு சில நாளுக்குள் விற்றாக வேண்டும், அதுதான் இந்த வழியின் பலவீனம். அந்த ஒரு விஷயத்தில் கோல்டு ஸ்டோரேஜ் ஜெயிக்கும்: 13 டிகிரியில் நிலையாக வைத்தால் முற்றிய காய் இரண்டு வாரத்துக்கு மேலும் தாங்கும். நீலம் ரக மாங்காயை நான் அறையில் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அதற்கு இதே கணக்கு என்று சொல்லமாட்டேன். பெங்களூரா ரகத்தைக் கூழ் ஆலைக்கே கொடுத்துவிடுகிறோம். விலைக்காகக் காத்திருந்தே ஆகவேண்டும் என்றால் காயாக இருக்கும்போதே அந்த 13 டிகிரியில் வையுங்கள், காய் அடுக்கிய கிரேட் பெட்டி நடுவில் ஒரு தெர்மாமீட்டர் செருகி நீங்களே போய்ப் பாருங்கள்.