திடக் கால்சியம் கம்பி: ரெக்கவரி கூடியதைவிடச் சீராக வந்ததுதான் பெரிது

அலுமினியம் போட்டு ஆக்சிஜனை இறக்கும் ஸ்டீலை வார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் லேடில் ஃபர்னஸில், அதாவது உருகிய ஸ்டீலை வார்ப்புக்கு முன் கொப்பரையில் வைத்துப் பதப்படுத்தும் உலையில், ஸ்டீலுக்குள் கால்சியம் சேர்க்க வெகுகாலம் ஓடியது கால்சியம் சிலிசைடு பொடி அடைத்த 13 மி.மீ. கம்பி. இப்போது உள்ளே திடக் கால்சியம், வெளியே இடைவெளி இல்லாமல் வெல்டிங் செய்த தடித்த எஃகு உறை என்று வரும் கம்பிக்கு மாறியிருக்கிறோம். இரண்டையும் ஒரே ஸ்டீல் வகையில் (கிரேடில்) மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் எல்லா ஸ்டீலுக்கும் அல்ல.

அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் அலுமினா 2050 டிகிரி வாக்கில்தான் உருகும். 1600 டிகிரியில் இருக்கும் ஸ்டீலுக்குள் அது திடத் துகளாகவே அலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகி, ஸ்டீலை அச்சுக்குள் இறக்கும் குழாயான நாசிலின் உட்சுவரில் படியும். வார்ப்பு வேகம் மாறாமலே நாசில் வாயைத் திறந்து மூடும் தண்டான ஸ்டாப்பர் மெல்ல மெல்ல மேலேறுவது திரையில் தெரியும்போது காஸ்டரில் (வார்ப்பு இயந்திரத்தில்) நிற்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தத் துகளுக்குள் கால்சியம் புகுந்து, சுண்ணாம்பின் (கால்சியம் ஆக்சைடின்) பங்கு ஏறக்குறைய பாதியானால், 1400 டிகிரியைத் தாண்டிய கொஞ்சத்திலேயே உருகிவிடும் கால்சியம் அலுமினேட் கிடைக்கிறது. உருண்டைத் துளி, சுவரில் ஒட்டாது. கால்சியம் குறைந்தாலும் கூடினாலும் இந்த நிலை கைநழுவும். குறைந்தால் பாதி மாறிய திடத் துகள். கூடினால் ஸ்டீலிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கால்சியம் சல்ஃபைடு. இரண்டும் நாசிலை அடைக்கும்.

ஆகவே ஒவ்வொரு ஹீட்டிலும், அதாவது ஒவ்வொரு முறை உருக்கும் ஸ்டீலிலும், எவ்வளவு கால்சியம் உள்ளே தங்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அங்கேதான் பொடிக் கம்பி எங்களைப் படுத்தியது. கால்சியம் 1484 டிகிரியிலேயே கொதித்துவிடும். எடையும் மிகக் குறைவு. மேலாக உடைந்தால் ஆவியாகிப் புகையும் தீயுமாக வெளியேறிவிடும். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே போய் உடைந்தால், மேலே நிற்கும் ஸ்டீலின் அழுத்தமே அதைத் திரவமாகப் பிடித்துவைக்கும். மடித்துப் பூட்டிய மெல்லிய உறை அந்த ஆழம் வரை தாங்குமா என்பது ஒவ்வொரு முறையும் கேள்விக்குறி. மடிப்பு எங்காவது திறந்திருந்தால் பொடி உதிர்ந்து, சில மீட்டர் கம்பி பாதி காலியாகவே உள்ளே போகும்.

புதுக் கம்பியில் முதலில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம், லேடில் மேல் கொந்தளிப்பு அடங்கியது. கொந்தளிப்பு அடங்கினால், மேலே மிதக்கும் கசடான ஸ்லாக் விலகி ஸ்டீல் காற்றைப் பார்ப்பது குறையும். நைட்ரஜன் ஏறுவதும் குறையும். ரெக்கவரி, அதாவது விட்ட கால்சியத்தில் ஸ்டீலுக்குள் தங்கும் பங்கு, கூடியது உண்மை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, லேடிலுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தொட்டியான டண்டிஷில் எடுத்த சாம்பிளில் கால்சியம் ஹீட்டுக்கு ஹீட் துள்ளாமல் வந்ததுதான். முன்பு பயத்தில் கூடுதலாகச் சில மீட்டர் விடுவோம். அந்தப் பழக்கம் போய்விட்டது. இன்னொரு லாபம், சிலிக்கான் ஏறாது. பழைய பொடியில் கால்சியம் 30 சதவீதம் அளவுதான், மிச்சத்தில் பெரும்பங்கு சிலிக்கான். சிலிக்கான் வரம்பு இறுக்கமான தகடு கிரேடுகளுக்கு இது ஒன்றே மாறப் போதுமான காரணம்.

குறைகள் உண்டு. கம்பி விறைப்பானது. கம்பியை உள்ளே தள்ளும் ஃபீடரின் அழுத்து உருளைகள் தேய்ந்திருந்தால் வழுக்கும். மீட்டர் கணக்கு தவறும். வழிகாட்டிக் குழாயில் கூர்மையான வளைவு இருந்தால் மடிந்து சிக்கும். எங்களுக்கு அந்தக் குழாயை மாற்றிய பிறகுதான் நிம்மதி. வெட்டிய முனையைத் திறந்து போடவே கூடாது: கால்சியம் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் ஹைட்ரஜனாக ஸ்டீலுக்குள் போகும்.

கம்பியால் ஆகாததையும் சொல்லியாக வேண்டும். ஸ்லாக்கில் இரும்பு ஆக்சைடு மிச்சமிருந்தால் அது அலுமினியத்தைத் தின்று புது அலுமினாவைப் பெற்றுக்கொண்டே இருக்கும். கந்தகத்தை 0.010 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் நாங்கள் இந்தக் கம்பியைத் தொடுவதில்லை. கம்பி விட்டபின், ஸ்டீலைக் கலக்கும் ஆர்கான் வாயுவை மென்மையாக, ஸ்லாக் பிளக்காத அளவில் ஓட்ட வேண்டும். லேடிலிலிருந்து டண்டிஷுக்கு இறங்கும் தாரையைச் சரியாக மூடாவிட்டால், அதுவரை செய்த அத்தனையும் வீண். பேரிங் ஸ்டீல் வார்ப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். அங்கே பெரிய உருண்டைத் துகள்தான் திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் களைப்பு முறிவுக்கு வித்து, அதனால் பொதுவாகக் கால்சியமே விடுவதில்லை.

வாங்கும்போது காயிலின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் ஒவ்வொரு மீட்டர் வெட்டி, உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் கால்சியத்தை எடை போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒத்துவராத காயிலைத் திருப்பி அனுப்புங்கள். இதற்குச் சம்மதிக்கும் விற்பனையாளரிடம்தான் நாங்கள் ஆர்டர் கொடுக்கிறோம்.