கோழி டாக்டர் வந்தாச்சா? மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் ஓடும் ஒரு சீனத் தொடர்

'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் ஆஃப் டாங் டைனஸ்டி' என்று தேடினால் கிடைக்கும். டாங் அரச மரபுக் காலத்துச் சீனாவில் நடக்கும் துப்பறியும் தொடர். முதல் சீசன் 2022 செப்டம்பரில் வந்தது, 36 எபிசோடு. இரண்டாவது 2024இல், மூன்றாவது 2025இல். முதல் சீசனை மட்டும் நான் மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். இதைப் பாருங்கள் என்று நான் சொல்லாத ஆள் என் வட்டத்தில் இல்லை. பாதிப் பேர் இரண்டாவது எபிசோடோடு நிறுத்திவிட்டு, "பேரே மனசுல நிக்கலப்பா" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானும் முதல் தடவை அங்கேதான் நிறுத்தினேன்.

பெயர்கள்தான் சிக்கல். லூ லிங்ஃபெங், சூ வூமிங், ஃபெய் ஜிஷி, பெய் ஷிஜுன். போதாததற்கு நான் முதலில் பார்த்த தளத்தில் ஆங்கில சப்டைட்டில் படுமோசம். ஒரே ஆள் ஒரு காட்சியில் ஜெனரல், அடுத்ததில் கமாண்டர், அதற்கடுத்ததில் வெறும் 'லூ'. மூன்று பேர் என்று நினைத்துக்கொண்டு ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போட்டபோது அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குச் சீனமும் தெரியாது, சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு ஆங்கிலமும் வராது. அவராகவே பெயர் வைத்தார். லூ லிங்ஃபெங் 'கோவக்காரத் தம்பி'. சூ வூமிங் 'மீசைக்காரர்'. எந்நேரமும் கோழிக்கால் கடித்துக்கொண்டு வைத்தியம் பார்க்கும் கிழவர் ஃபெய் ஜிஷி 'கோழி டாக்டர்'. அதற்கப்புறம் எனக்கும் குழப்பமில்லை. நீங்களும் இப்படியே செய்யுங்கள்.

கதை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாங்ஆன் நகரத்தில் தொடங்குகிறது. இன்றைய ஷியான். நூற்றுச் சொச்சம் பேட்டைகள், ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல். சாயங்காலம் முரசு அடித்ததும் எல்லா வாசலும் சாத்திவிடுவார்கள். பிறகு தெருவில் நடமாடினால் ஜின்வூ காவலர் பிடித்துப் பிரம்பால் வெளுப்பார்கள். அந்தக் காவல்படையின் அதிகாரிதான் நம் கோவக்காரத் தம்பி. பெரிய இடத்துப் பிள்ளை, ஃபான்யாங் லூ குடும்பம் என்றால் அந்தக் காலத்தில் அரச குடும்பமே சம்பந்தம் பேச யோசிக்கும் அளவுக்கு மேட்டுக்குடி. அந்தத் திமிர் நடையிலேயே தெரியும். மீசைக்காரர் அதற்கு நேர் எதிர். புகழ்பெற்ற நீதிபதி டீ ரென்ஜியேவின் சீடர், சின்னப் பதவி, பணிவான பேச்சு, ஆனால் எதையும் விடமாட்டார். நகரத்தில் மணப்பெண்கள் காணாமல் போகிறார்கள், பணக்காரர்கள் ஒரு சிவப்புத் தேநீருக்குத் தங்கத்தைக் கொட்டுகிறார்கள். இந்த முதல் வழக்கில் இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. அது முடியும்போது தம்பியின் பதவி போய்விடும், மீசைக்காரருக்குத் தெற்கே மாற்றல் வரும். மீதி சீசன் முழுக்க வழிப்பயணம்.

மொத்தம் எட்டு வழக்கு, ஒவ்வொன்றும் நான்கைந்து எபிசோடு. எல்லாமே பேய்க்கதை மாதிரிதான் தொடங்கும். பாழடைந்த சத்திரம், மனித முகம் கொண்ட மலர், ஊரே பலி கொடுத்துக் கும்பிடும் முதலைச் சாமி. கடைசியில் பேய்க்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பான். முதல் தடவை பார்க்கும்போது இது கொஞ்சம் ஏமாற்றம்தான், 'இவ்வளவுதானா' என்று தோன்றும். இரண்டாம் தடவைதான் ருசி தெரிந்தது. யார் செய்தது என்று தெரிந்துவிட்டதால், மீசைக்காரர் எந்த இடத்தில் சந்தேகப்பட ஆரம்பிக்கிறார் என்று அவர் முகத்தை மட்டும் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது கல்பாலம் வரைந்த ஓவியத்தைச் சுற்றி நடக்கும் வழக்கு. நான்கு நண்பர்கள், ஊரே மதிக்கும் கலைஞர்கள், வரிசையாகச் சாவு. காரணம் பணமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. அதற்கு மேல் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்.

சூ வூமிங் என்ற பெயர் தொடருக்காகப் புதிதாக வைத்தது இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. டாங் காலத்துப் பழங்கதை ஒன்றில் அவர் இருக்கிறார். பேரரசி வூ ஸெடியன் தன் மகள் தைபிங் இளவரசிக்குக் கொடுத்த நகைப் பெட்டிகள் களவு போகின்றன. மூன்று நாளில் கள்வரைப் பிடிக்காவிட்டால் தலை போகும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு. அப்போது தலைநகருக்கு வந்திருந்த சூ வூமிங், தேடுவதை நிறுத்துங்கள், கெடு வைக்காதீர்கள் என்கிறார். கல்லறைக்குப் போய்ப் படையல் வைக்கும் குளிருணவுத் திருநாள் வரை சும்மா இருக்கிறார். அன்று நகர வாசல்களில் ஆள் நிறுத்தி, துக்க உடையில் வெளியே போகும் ஒரு கூட்டத்தைப் பின்தொடரச் சொல்கிறார். அவர்கள் ஒரு புதுக் கல்லறையில் படைத்து அழுகிறார்கள், ஆனால் அழுகையில் துக்கம் இல்லை. பிறகு கல்லறையைச் சுற்றிவந்து பார்த்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். 'பிடித்தாயிற்று' என்கிறார் இவர். சவப்பெட்டியைத் திறந்தால் உள்ளே நகை. தான் ஊருக்குள் வந்த அன்றே அந்தப் பொய்ச் சவ ஊர்வலத்தைப் பார்த்ததாகவும், எங்கே புதைத்தார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருந்ததாகவும் சொல்கிறார். விரட்டியிருந்தால் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

இதைப் படித்தபின் மூன்றாம் முறை பார்த்தேன். தம்பி கத்தியை உருவிக்கொண்டு ஓட, மீசைக்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தமே மாறிவிட்டது. இந்தத் தொடரை நான் சிபாரிசு செய்வதே அந்த உட்கார்தலுக்காகத்தான். கோழி டாக்டரும் பழங்குறிப்புகளில் இருக்கிறார்: கோழியை வைத்து நோய் தீர்க்கும் சிவந்த கண் கிழவர், அதே பெயரில். அப்பாவிடம் சொன்னேன். "நான் அப்பவே நினைச்சேன், இந்த மாதிரி ஆளை யாரும் கற்பனையா எழுத முடியாது" என்றார்.

இன்னொன்று. கதை நடக்கும் அதே தலைமுறையில்தான், 720இல், காஞ்சியின் ராஜசிம்ம பல்லவன் டாங் அரசவைக்குத் தூது அனுப்பினான். சந்தைக் காட்சிகளில் மேற்கத்திய வணிகர்களும் ஒட்டகங்களும் வரும்போது, கூட்டத்தில் நம்மூர் ஆள் யாராவது தெரிகிறாரா என்று கண் தானாகத் தேடும். இல்லை.

குறையும் உண்டு. அந்த முதலை கிராஃபிக்ஸ் சிரிப்பு மூட்டுகிறது, பயப்பட வேண்டிய இடத்தில். ஓவியம் தீட்டும் பெய் ஷிஜுன் கேட்ட விவரத்தை வைத்தே முகம் வரைந்துவிடுவாள், அவ்வளவு திறமைசாலி. அவளைப் பாதி நேரம் தம்பியின் பின்னால் ஏங்கிக்கொண்டு நடக்கவிட்டது எனக்கு எரிச்சல். முதல் சீசனின் கடைசி வழக்கில் அரசியல் அவசர அவசரமாகத் திணிக்கப்படுகிறது. பிணங்களை நெருக்கத்தில் காட்டுவார்கள், சின்னப் பிள்ளைகளோடு உட்காராதீர்கள். சாப்பிடும்போதும் வேண்டாம்.

இரண்டாவது சீசன், கூட்டாளிகள் மேற்கே போகும் கதை, தயாரிப்பில் ஒரு படி மேல். கோயில் சுவரோவியத்திலிருந்து பூதம் இறங்கிவந்து கொல்லும் முதல் வழக்கை நிறம் நன்றாகத் தெரியும் பெரிய திரையில் பாருங்கள். பனிப்புயலில் எல்லோரும் ஒரு விடுதியில் மாட்டிக்கொள்ளும் வழக்கும் இதில்தான். மூன்றாவது சாங்ஆனுக்கே திரும்புகிறது. அதை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அதனால் தீர்ப்பு இப்போது வேண்டாம்.

பார்க்கும் முறை: வார இறுதிக்கு ஒரு வழக்கு. நடுவில் நிறுத்தினால் யார் யாருக்கு மச்சான் என்பது மறந்துபோகும். 1.5 வேகத்தில் ஓட்டாதீர்கள். டப்பிங் கிடைத்தாலும் சீனக் குரலிலேயே கேளுங்கள், மீசைக்காரரின் இழுத்த பேச்சு அதில்தான் இருக்கிறது.

போன வாரம் நான்காவது சுற்று தொடங்கினோம். முதல் வழக்கின் குற்றவாளி யாரென்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அந்த ஆள் திரையில் வந்ததும் என் கையைத் தட்டி, "பேசாம இரு, மீசைக்காரர் இன்னும் பார்க்கல" என்றார்.