‘ஜூடி ப்ளூம் ஃபார்எவர்’: கடிதங்களுக்காகவே பார்க்கலாம்

அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் ஜூடி ப்ளூம் பற்றி பிரைம் வீடியோவில் இருக்கும் இந்த ஆவணப்படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால், தாராளமாகப் பாருங்கள் என்பேன். நடிகைகளும் பிரபலங்களும் வரிசையாக வந்து புகழ்மாலை சூட்டும் இடங்களில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வரலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளைகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் வரும்போது மட்டும் இடத்தைவிட்டு அசையாதீர்கள்.

2023இல் வெளிவந்த படம். இயக்கியவர்கள் டவினா பார்டோ, லியா வோல்சொக் என்ற இரு பெண்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிறது. 1938இல் நியூ ஜெர்சியில் ஒரு பல் மருத்துவரின் மகளாகப் பிறந்து, சீக்கிரமே கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு புறநகர் வீட்டில் அடைபட்டுக் கிடந்த பெண் எப்படி எழுத்தாளரானார் என்ற கதையை முதல் பகுதி வேகமாகச் சொல்லிவிடுகிறது. 1970இல் வந்த ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’ புத்தகத்தில்தான் படம் சூடு பிடிக்கிறது. மார்பு வளரவில்லையே, மாதவிடாய் வரவில்லையே என்று கடவுளிடம் முறையிடும் பதினோரு வயதுப் பெண்ணின் கதை அது.

அதை நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் படித்தேன், 80களின் தொடக்கத்தில். எங்கள் வீடுகளில் பெண் வயசுக்கு வந்தால் தெருவையே கூப்பிட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆனால் அது என்ன, ஏன் வருகிறது என்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். என் பெரியம்மா நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்தார், விளக்கம் கொடுக்கவில்லை. விளக்கம் நியூ ஜெர்சியிலிருந்துதான் வந்தது, நூலக முத்திரை குத்திய ஒரு பேப்பர்பேக்கில்.

என்னைப்போல் ரகசியமாகப் படித்த பிள்ளைகளில் பலர் ஜூடிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில். அம்மாவிடம் சொல்ல முடியாதது, டீச்சரிடம் சொல்லக் கூடாதது எல்லாம் அதில் இருக்கிறது. அவற்றை அவர் பத்திரமாக வைத்திருந்தார். இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கேமரா அந்தக் கோணல் கையெழுத்துகளை அவசரப்படாமல் காட்டுகிறது. சிறுமிகளாக எழுதத் தொடங்கிய இருவர் நடுவயதுப் பெண்களாக வந்து பேசுகிறார்கள். அவர்களுக்கும் ஜூடிக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து பல ஆண்டுகள் நீடித்திருக்கிறது. அவர்கள் சொல்வதை இங்கே எழுதப் போவதில்லை, பார்த்துக் கேட்க வேண்டியது. நானும் டீச்சர்தான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிள்ளை எழுதிவைக்கும் ஒற்றை வரிக்கே என்ன பதில் எழுதுவது என்று ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறேன். இந்த அம்மா அத்தனை கடிதத்தையும் எப்படித் தாங்கினாரோ! அந்தக் கடிதங்களை வைத்து 1986இல் ஒரு புத்தகமும் போட்டார்.

அவர் புத்தகங்களுக்கு வந்த தணிக்கை பற்றிய பகுதியும் நன்றாக வந்திருக்கிறது. 1984இல் சி.என்.என். விவாதம் ஒன்றில் பாட் புக்கானன் என்ற அரசியல் விமர்சகர் சுயஇன்பம் பற்றிய பக்கங்களையே திரும்பத் திரும்பக் கிளறுகிறார். ஜூடியோ குரலை உயர்த்தாமல், உங்களுக்கு ஏன் அதிலேயே கண் என்கிற மாதிரி திருப்பிக் கேட்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாம் எதைப் படிக்கலாம் என்று அரசாங்கமே பட்டியல் போட்ட நாட்டில் வளர்ந்தவள் நான். அமெரிக்காவில் எல்லாம் சுதந்திரம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம். ஜூடி ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் கணவரோடு சேர்ந்து ஒரு புத்தகக் கடை தொடங்கியிருக்கிறார். அதே மாநிலத்துப் பள்ளிகளில்தான் நூலகப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாரோடு பார்ப்பது? பேச்சு வெளிப்படையாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயசு மகள் இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளலாம். கூச்சம் நமக்குத்தான் வரும். பாட்டி ஹாலில் இருந்தால் உங்கள் பாடு.

எனக்கு இருக்கும் குறை வேறு. மார்கரெட் வந்த அதே 1970இல் ‘இக்கீஸ் ஹவுஸ்’ என்று ஜூடியின் இன்னொரு நாவலும் வந்தது. வெள்ளைக்காரர்கள் மட்டும் இருக்கும் தெருவுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருகிறது. அவர்களைக் கிளப்ப அக்கம்பக்கத்து அம்மாள் ஒருத்தி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள். எங்கள் தாத்தா டர்பன் முனிசிபாலிட்டி வேலைக்காரர், இந்தியத் தொழிலாளர்களுக்கான மேகசீன் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தவர். 60களில் அங்கிருந்து எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பியபோது யாரும் கையெழுத்துக்கு அலையவில்லை, யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டமே போதுமாயிருந்தது. அதனால் மார்கரெட்டைவிட அந்தப் புத்தகம்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நெருக்கம். ஜூடி எழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எழுதியது, இன்று படித்தால் கொஞ்சம் வெகுளியாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. பிரபலங்களின் பேச்சில் பாதியை வெட்டிவிட்டு அதற்கு ஒரு பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.