வீல் லாக் நட்டு: இரண்டு செட் வாங்கிப் பார்த்தவன் சொல்வது

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு, காணும் பொங்கலுக்கு மறுநாள் விடிகாலையில் சென்னை மேடவாக்கம் திரும்பினோம். எதிர் வீட்டு அண்ணனின் பலேனோ தெருவில் ஏதோ ஒரு பக்கம் ஒருச்சாய்ந்த மாதிரி நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் வண்டி இரண்டு ஹாலோ பிளாக் கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. காம்பவுண்டு சுவர்ப் பக்கம் இருந்த இரண்டு வீலும் இல்லை. கல் வேறு எங்கிருந்தும் வரவில்லை, அடுத்த மனையில் வீடு கட்டக் குவித்து வைத்திருந்ததுதான். எட்டு நட்டையும் மட்டும் சுவரோரம் சின்னக் குவியலாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், உனக்கு ஆகும் வைத்துக்கொள் என்கிற மாதிரி.

வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்தியிருந்தார். அதுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று, தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. தெருவில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடந்தது. கேமரா இருந்த ஒரே வீட்டிலும் அது தன் கேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கொடுத்தார்கள், இரண்டு நாள் அலைந்த பிறகு எஃப்.ஐ.ஆர். கிடைத்தது (அப்போது ஐ.பி.சி. 379, இன்றைக்குத் திருடு போனால் பி.என்.எஸ். 303 என்று எழுதுவார்கள், வீல் எதிலும் திரும்பி வருவதாகத் தெரியவில்லை). இன்சூரன்சில் கேட்கலாம் என்றால், டயருக்குப் பாதி தேய்மானம் கழித்துவிடுவார்கள், அதோடு அண்ணன் ஐந்து வருடமாகக் கிளெய்மே போடாமல் 50 சதவீதம் வரை சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸும் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். ஒரு சாயங்காலம் முழுக்கக் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, கைக்காசைப் போட்டே இரண்டு அலாய் ரிம்மும் இரண்டு டயரும் வாங்கினார். மொத்தம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

என் ஹூண்டாய் ஐ20 அவர் வண்டிக்கு நாலு வீடு தள்ளி நின்றிருந்தது. அதை ஏன் விட்டார்கள் என்று இன்னமும் தெரியாது. அந்த வாரமே லாக் நட்டு வாங்க, கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடுக்குக் கிளம்பினேன்.

லாக் நட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு வீலிலும் ஒரு நட்டைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் வேறு ஒரு நட்டைப் போடுவது, அவ்வளவுதான். நாலு வீலுக்கு நாலு நட்டு. அதன் தலை அறுகோணமாக இருக்காது, வழவழவென்று உருண்டையாக இருக்கும், நடுவில் பூ இதழ் மாதிரி வளைந்து வளைந்து ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காருகிற ஒரு சின்ன இரும்புத் துண்டுதான் சாவி. சாவியின் மறுமுனையில் சாதாரண வீல் ஸ்பேனர் மாட்டும். ஒரு வீலில் நாலையும் லாக் நட்டாகப் போட வேண்டியதில்லை, ஒன்று கழலாவிட்டால் வீல் வராது.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, என்ன வண்டி. இதை ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஹூண்டாய்க்கு மரை 12க்கு 1.5, மாருதிக்கு 12க்கு 1.25 (முதல் எண் கம்பியின் விட்டம், அடுத்தது மரைக்கு மரை இடைவெளி, இரண்டும் மில்லிமீட்டரில்). கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இதை அதில் போட்டு முறுக்கினால் இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும், அப்போது ஸ்பேனரை வைத்து அழுத்தினால் நட்டோடு ஸ்டட்டின் (நட்டு ஏறுகிற கம்பி) மரையும் போய்விடும். கையாலேயே ஐந்தாறு சுற்று லேசாகப் போக வேண்டும், போகாவிட்டால் அது உங்கள் நட்டு இல்லை. உட்காருகிற அடிப்பகுதியும் வண்டிக்கு வண்டி மாறும்: எனக்குக் கோன் (கூம்பு வடிவம்), ஹோண்டாவுக்கு பால் சீட் (உருண்டை வடிவம்). ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் நட்டே கிடையாது, போல்ட்டுதான் வரும், அதற்குத் தனி செட். இவ்வளவையும் அந்தக் கடைக்காரர் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார், கடைக்கு நேரில் போனதில் கிடைத்த லாபம் இதுதான்.

முதல் செட் 1,450 ரூபாய். பெயர் எழுதலாம் என்றால் அட்டைப் பெட்டியில் ஒரு பெயர், நட்டில் வேறு ஒரு பெயர், பில்லில் "நட் செட் 1". ஆகவே பெயர் இல்லாமலேயே மேலே போவோம்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் டயர் கடைகளில் காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னால் மாட்டவே கூடாது. சாவியின் அந்தப் பூ வடிவ விளிம்பு மெல்லியது, கன் அடிக்கிற அடியில் நெளிந்துவிடும் அல்லது நட்டின் பள்ளம் மழுங்கிவிடும், பிறகு சாவி கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. மெக்கார்டு மாதிரி பேர்பெற்ற லாக் நட்டுக் கம்பெனிகளே கன் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. என் வண்டிக் கையேட்டில் நட்டுக்கு 11 முதல் 13 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு விசை என்று போட்டிருக்கிறது, டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்திருக்கும் நண்பனிடம் இரவல் வாங்கி 11.5இல் நிறுத்தினேன். ஓரிரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை சரி பார்த்தேன். ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, பேலன்சிங் திரும்பச் செய்யவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் தெருவில் வண்டி ஒன்றரை நாள் வீல் மூழ்க நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கம்பெனி நட்டுகள் அப்படியே இருக்க, லாக் நட்டு நாலிலும் குரோம் பூச்சு பொடுகு மாதிரி உரிந்து, பள்ளத்துக்குள் செம்மண் நிறத்தில் துரு. டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக அரை நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். வேலை செய்தது, ஆனால் அலாயின் வெள்ளிப் பளபளப்புக்கு நடுவே சொத்தைப் பல் மாதிரி தெரிந்தது. பக்கத்துக் கடைத் தம்பி ஸ்டட்டில் கிரீஸ் தடவி மாட்டிவிடலாம் என்றார். கையேடு வேண்டாம் என்கிறது: மரையில் வழவழப்பு இருந்தால் அதே முறுக்குக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகும்.

இதுவரை குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்தது 2024 ஆடிப் பௌர்ணமி.

அம்மாவைக் கிரிவலத்துக்குக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலை போகிறேன். திண்டிவனம் தாண்டி, செஞ்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம், பின்பக்க இடது டயர் பஞ்சர். மணி இரவு எட்டு. ஜாக்கி போட்டு, மூன்று நட்டைத் தளர்த்திவிட்டு, நாலாவதுக்குச் சாவியைத் தேடினால், டிக்கியில் எப்போதும் இருக்கிற துணிப் பையில் சாவி இல்லை. சீட்டுக்கு அடியில், கதவுப் பையில், அம்மாவின் பூஜைக் கூடையில்கூடத் தேடினேன். இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு டயர் கடையில் வீல் இடம் மாற்றி அலைன்மென்ட் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலை முடிந்ததும் சாவியை அவர்கள் தட்டிலேயே போட்டுவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. "வீட்டுக்குத்தானடா பூட்டுப் போடுவாங்க, சக்கரத்துக்குமா?" என்று அம்மா கேட்டபோது பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

காற்று ஏற்றி ஏற்றி மெதுவாக உருட்டி ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைத் தம்பி நட்டை டார்ச் அடித்துப் பார்த்தார், சிரித்தார், உள்ளே போய்ப் பழைய பன்னிரண்டு முனை சாக்கெட் ஒன்றை எடுத்து வந்தார், நட்டின் தலையைவிட ஒரு நூல் சின்னது. அதை நட்டின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடி அடியென்று அடித்து இறக்கினார். கோயில் மணி கெட்டது, ரோட்டுக்கு எதிர்ப்பக்க டீக்கடையே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. சாக்கெட் நட்டைக் கடித்துக்கொண்டதும் நீளமான பைப்பை மாட்டி ஒரே திருகு. மொத்தம் பத்து நிமிடம், 300 ரூபாய். "இது பத்து நிமிஷப் பூட்டு சார்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் ஓடியது. 1,450 கொடுத்து நான் வாங்கியது பத்து நிமிடமும் அந்தச் சத்தமும். சரி, அதுவும் சும்மா இல்லை: எதிர் வீட்டு அண்ணன் வண்டியில் வீல் கழன்றபோது ஒரு நாய்கூடக் குரைத்திருக்காது, சாதா நட்டு ஸ்பேனருக்குச் சத்தமில்லாமல் கழலும். ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் சம்மட்டி அடிக்க எவனுக்கும் துணிச்சல் வராது, பக்கத்து வண்டிக்குப் போய்விடுவான். (அந்தப் பக்கத்து வண்டிக்காரர் என்ன செய்வார் என்பது இந்த விமர்சனத்தில் வராது.) ஆனால் யாரும் இல்லாத காலி மனையிலோ ஹைவே ஓரத்திலோ நிறுத்தினால் இந்த வகை நட்டை நம்ப வேண்டாம்.

அடுத்த வாரம் அதே ஜி.பி. ரோடு, அதே கடை. நடந்ததைச் சொன்னதும், "அப்ப நீங்க கழுத்து சுத்துற டைப் எடுத்திருக்கணும் சார்" என்றார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன், நீங்கள் விலை கேட்டீர்கள், நான் விலை சொன்னேன் என்றார். நியாயம்தான்.

இரண்டாவது செட் 4,200. நட்டின் வெளிச் சுற்றில் தனியாக ஒரு வளையம், அது தன்பாட்டுக்குச் சுற்றும். மேலே சாக்கெட்டை அடித்து இறக்கித் திருகினால் வளையம் மட்டும் வெட்டியாகச் சுற்றும், உள்ளே இருக்கும் நட்டு அசையாது. கடையிலேயே ஒன்றை வைஸில் பிடித்து, பைப் ரெஞ்ச் போட்டுக் காட்டச் சொன்னேன், காட்டினார், சுற்றிக்கொண்டே இருந்தது. உடைக்க முடியாததா என்றால் இல்லை, இதற்கும் பிடுங்கும் கருவிகள் விற்கிறார்கள், துளை போட்டும் எடுக்கலாம், ஆனால் பத்து நிமிடத்தில் தெருவோரத்தில் நடக்காது. இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது, துரு இல்லை, வளையத்தில் மண் சேர்ந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுகிறேன். குறை என்றால், நட்டு கம்பெனி நட்டைவிடக் கொஞ்சம் நீளம், என் வீல் கேப் உட்காரவில்லை, கேப்பைத் தூக்கிப் போட்டாயிற்று.

பெட்டியில் ஒரு சாவி, ஒரு சின்ன அட்டை. அட்டையில் உள்ள நம்பரைச் சொன்னால்தான் வேறு சாவி வரவழைக்க முடியும், சாவியும் அட்டையும் தொலைந்தால் பிடுங்கும் கருவிதான். நான் கூடுதலாக 600 கொடுத்து அன்றைக்கே இரண்டாவது சாவிக்கும் சொல்லிவிட்டேன், வர ஒரு மாதம் ஆனது. அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கும் மனைவிக்கும் அனுப்பி வைத்தாயிற்று. ஒரு சாவி வீட்டில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில். இன்னொன்று வண்டியில் ஸ்டெப்னிக்கு அடியில் பழைய சாக்ஸுக்குள். டேஷ்போர்டு டப்பாவில் வைக்காதீர்கள், கண்ணாடியை உடைப்பவன் முதலில் திறப்பது அதைத்தான்.

ஸ்டெப்னி என்றதும் ஒன்று. டிக்கிக்குள் ஸ்டெப்னி இருக்கிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம், இன்னோவா மாதிரி வண்டிக்கு அடியில் தொங்குகிறவர்கள் இருக்க முடியாது, வண்டியோடு வருகிற கருவியை பின்பக்க ஓட்டையில் விட்டுச் சுற்றினால் தானே கீழே இறங்கிவிடும். லாக் நட்டு அதற்கு உதவாது. கோவில்பட்டியில் என் சித்தப்பா லாரிக்காரர்கள் செய்வதைப் பார்த்து ஒரு சங்கிலியை ரிம்முக்குள் விட்டு ஃபிரேமோடு சேர்த்துப் பூட்டு போட்டிருக்கிறார், செலவு 250. அந்தப் பூட்டுச் சாவி அவர் அரைஞாணில் தொங்குகிறது, ஒரு நாளும் தொலைந்ததில்லை.

மார்க் போடச் சொன்னால் முதல் செட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை, அதில் அரை மார்க் சத்தத்துக்கு. இரண்டாவதுக்கு நாலு. ஸ்டீல் ரிம் வைத்திருப்பவர்கள் இரண்டாவதுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், புது டயர் போட்டிருந்தால் முதல் வகை போதும். அலாய் என்றால் யோசிக்காமல் சுற்றுகிற வளையம்.

இப்போதெல்லாம் எங்கே சர்வீஸ் விட்டாலும் ஜாப் கார்டில் "லாக் நட் சாவி 1" என்று எழுதச் சொல்லி, எழுதியதை போட்டோ எடுத்துக்கொண்டுதான் நகர்கிறேன். போன மாதம் ஒரு சர்வீஸ் சூப்பர்வைசர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார் இது காணாப் போனா என்ன பண்ணுவீங்க?" என்றார். செஞ்சிப் பக்கம் ஒரு தம்பி இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.